பழைய காருக்குப் புது டயர்: வன்னியில் எதைப் பார்த்து வாங்குவது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் கார் விலை எங்கேயோ போய்விட்டது. அதனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் இருபது இருபத்தைந்து வயதுக் கொரோலாவும் நிசான் சனியும் மாருதியும் இன்னும் குடும்பத்தைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. எஞ்சினைப் பார்க்க ஊரில் கெட்டிக்கார மெக்கானிக்மார் இருக்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் காரை ஓட வைத்த மண் இது. ஆனால் டயர் என்று வரும்போது நாங்கள் இரண்டே கேள்விதான் கேட்கிறோம்: என்ன விலை, எத்தனை வருசம் ஓடும்? இந்த இரண்டாவது கேள்விதான் பல பேரைத் தவறான டயருக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அண்மைக் காலமாகக் கடைகளில் 'ஓல் சீசன்' என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. எல்லாக் காலத்துக்கும் ஏற்றது என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? அது எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்த்தால்தான் வன்னியில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று விளங்கும்.

குளிர் நாடுகளில் கோடைக்கு ஒரு டயர், பனிக்காலத்துக்கு இன்னொரு டயர். வெப்பம் ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கும். பனிக்கால டயரின் ரப்பர் மென்மையானது. அதன் பூக்களில், அதாவது வீதியில் படும் வெட்டுக் கோலத்தில், மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். வருடத்தில் இரண்டு தரம் டயர் மாற்றுவது செலவும் கரைச்சலும் என்பதால், நடுத்தரமாக ஒன்றைச் செய்தார்கள். அதுதான் ஓல் சீசன். வன்னியிலோ மார்கழி, தை விடியற்காலையில்கூட 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஏழு பாகைக்காகச் செய்த ரப்பருக்கு இங்கே வேலையே இல்லை. சித்திரை வெயிலில் தார் வீதி கால் வைக்க முடியாதபடி கொதிக்கும்போது, பனியை மனதில் வைத்துச் செய்த மென்மையான டயர் வேகமாகத் தேயும், வளைவுகளில் நெளியும்.

பக்கச் சுவரில் 'எம்+எஸ்' என்று இருந்தால் சேறு, பனி இரண்டுக்கும் ஏற்றது என்று பொருள். சேறு என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஆசை வரும். ஒட்டுசுட்டான் உட்பக்கக் கிறவல் ஒழுங்கைகளும், மாரியில் வயல்கரைப் பாதைகளும் அப்படிப்பட்டவைதானே. ஆனால் அது பூவின் இடைவெளி அமைப்பைப் பார்த்து, தயாரிப்பவர் தானே போட்டுக்கொள்ளும் குறி. சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னத்துக்குத்தான் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை உண்டு, அந்தச் சின்னம் எங்களுக்கு எந்தப் பயனும் தராது. உள்ள நிலைமை இதுதான்: கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் சாதாரண கார் டயர்களில் பலவற்றில் எம்+எஸ் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதை வைத்து எதையும் வாங்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தள்ள வேண்டும். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த டயர்களில், பனிப்பிரதேசத்தில் ஓடிய கார்களின் டயர்களும் கலந்து வரும். பூ ஆழமாக, புதிது போல இருக்கும். தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். விலையும் மலிவு. பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். அது பனிக்கட்டியின் மேல் ஓடுவதற்கென்றே செய்த டயர். மழையில் நனைந்த காப்பெற் வீதியில் அதன் பிறேக் தூரம் சாதாரண டயரைவிட நீளும், வெயிலில் தோல் உரிந்த மாதிரித் தேய்ந்துபோகும். பூ நிறைய இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

சரி, அப்படியானால் வன்னிக்கு 'எல்லாக் காலம்' என்றால் என்ன? எங்களுக்கு இருப்பது இரண்டு காலம். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் புழுதியை வாரி வீதியில் கொட்டும் கோடை. ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளும் மாரி. காய்ந்த வீதியில், சரியான காற்றோடு, எந்த ஓரளவு நல்ல டயரும் நிற்கும். நல்ல டயருக்கும் கெட்ட டயருக்கும் உள்ள வித்தியாசம் நனைந்த வீதியில்தான் வெளியே வரும். அதிலும் மிக மோசம் மாரியின் முதல் மழை. மாதக்கணக்கில் படிந்த புழுதி, லொறிகள் சிந்திய எண்ணெய், தேய்ந்த ரப்பர் எல்லாம் தண்ணீரோடு குழைந்து வீதி முழுக்க ஒரு வழுக்கல் படையாகிவிடும். மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் ஏ9 நேராகக் கிடக்கும். கை தானாக வேகம் கூட்டும். அந்த நேரத்தில் வீதியின் நடுவில் மாட்டுக் கூட்டம் படுத்திருக்கும். கறுப்பு மாடு, கறுப்பு வீதி, எதிரே வரும் பஸ்ஸின் பெரிய லைட். அந்தக் கணத்தில் டயரின் ஈரப்பிடிமானம் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் பழைய கார்களில் பலவற்றில் இல்லை. சில்லு இறுகி வழுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கும் கேட்காது. புதுக் காரைவிடப் பழைய காருக்குத்தான் நல்ல டயர் கூடுதலாகத் தேவை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதற்கு எதிராகத்தான் 'எத்தனை வருசம் ஓடும்' என்ற கேள்வி வந்து நிற்கிறது. ரப்பர் கலவையில் தேயாத தன்மையையும் ஈரப்பிடிமானத்தையும் ஒன்றாகக் கூட்டுவது கடினம். இறுக்கமான கலவை கன தூரம் ஓடும், ஆனால் ஈரத்தில் பிடிக்காது. 1992இல் மிஷெலின் நிறுவனம் கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்காவைப் பெருமளவில் கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, எரிபொருள் சிக்கனமும் ஈரப்பிடிமானமும் ஒன்றாகக் கிடைக்கத் தொடங்கின. அந்தக் கலவையும் நல்ல தயாரிப்பும் விலையைக் கூட்டும். மிக மலிவான டயரில் 'ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடும்' என்று யாராவது சொன்னால், அதற்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது டயரின் பூ ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். ஈரத்தில் பிடிமானம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே வேகமாக விழும். அந்த அளவுக்குத் தேய 40,000 கிலோமீற்றர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு விட, ஆஸ்பத்திரிக்குப் போக, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணியில் மடுவுக்கும் போய்வர என்று ஓடும் வீட்டுக் கார் வருடத்துக்கு 6,000 கிலோமீற்றர் ஓடினால், அந்த டயர் தேய ஏழு வருடத்துக்குக் கிட்டப் போகும். 70,000 கிலோமீற்றர் டயரை வாங்கினால் பதினொரு வருடம் தாண்டும். ஆனால் ரப்பர் அவ்வளவு காலம் ரப்பராக இருக்காது. காற்றில் உள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதை இறுக்கும், வெப்பம் அந்த வேலையைத் துரிதப்படுத்தும். பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பல, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் காட்டிப் பார்க்கச் சொல்லி, பத்து வருடத்தைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. முற்றத்து வெயிலில் நிற்கும் காருக்கு ஆறுதான் ஏற்றது என்பது என் எண்ணம். ஆக, வீட்டுக் காருக்கு அந்தக் கூடுதல் 30,000 கிலோமீற்றரால் ஒரு பயனும் வராது. அந்தக் காசை ஈரப்பிடிமானத்துக்குக் கொடுப்பதே நியாயம். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, ஒரு வழிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர், நாள்தோறும் வாடகைக்கு ஓடுபவரின் கணக்கு வேறு. அவருக்கு டயர் பழசாகும் முன்னரே தேய்ந்துவிடும், டயர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதையும் அவர் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஓடாமல் நிற்கும் கார் டயரைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பருக்குள் வெடிப்பைத் தடுக்கும் மெழுகு கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்கு நன்றாக வரும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரின் டயரில் பூ அப்படியே இருக்க, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுவது இதனால்.

டயரின் வயதைக் கடையிலேயே பார்க்கலாம். 'டிஓடி' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் செய்தது. மூன்றே இலக்கம் என்றால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, அதைத் தொடவே வேண்டாம். இந்த இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பூட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் பிறகு காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே றிம்மில் ஏற்ற முன்பே பாருங்கள், நான்கு டயரையும் பாருங்கள். "அண்ணை, இது போன மாசம் வந்த சாமான்" என்று கடைக்காரத் தம்பி சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. போன மாதம் கடைக்கு வந்த டயர் மூன்று வருடம் களஞ்சியத்தில் கிடந்திருக்கலாம். "வந்த திகதி இருக்கட்டும் தம்பி, செய்த திகதியைக் காட்டும்" என்று கேட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருப்பதை விட்டு, உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்வதும் நல்லது. களனியில் சியற் நிறுவனம் கார் ரேடியல் டயர் செய்கிறது. உள்ளூரில் செய்தது கப்பல் ஏறி வரத் தேவையில்லாததால் புதுத் திகதியில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் நாட்டைப் பார்த்து வாங்குவதைவிடத் திகதியையும் குறிகளையும் பார்த்து வாங்குவதுதான் சரி.

குறிகள் என்றால், பல டயர்களில் அமெரிக்க முறைப்படி மூன்று தரம் அச்சிட்டிருக்கும். 'ட்ரெட்வெயார்' இலக்கம் தேய்மானத்துக்கு. அதை நிறுவனமே தன் டயருக்குப் போடுகிறது, ஒரு நிறுவனத்தின் 400ஐயும் இன்னொன்றின் 400ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. 'ட்ரக்ஷன்' என்பது நனைந்த தளத்தில் நேராகப் பிறேக் பிடிக்கும் திறன்: ஏஏ, ஏ, பி, சி. ஏக்குக் கீழே வாங்க வேண்டாம். 'டெம்பரேச்சர்' வெப்பம் தாங்குவதற்கு, அதில் ஏ அல்லது பி. ஐரோப்பிய ஒட்டுச்சீட்டு இருந்தால் இன்னும் வசதி. மழைக்குறி போட்ட கட்டத்தில் ஏயிலிருந்து ஈ வரை எழுத்து இருக்கும், ஏ அல்லது பி இருந்தால் நல்ல டயர்.

அடுத்தது அளவு. இதில்தான் நான் கண்ட குழறுபடிகள் அதிகம். காரின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். பழைய ஜப்பான் கார்களில் எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கும். 185/70ஆர்14 88எஸ் என்று இருக்கிறது என்போம். 185 மில்லிமீற்றர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம், 14 அங்குல றிம். 88 என்பது சுமைக் குறி, ஒரு டயருக்கு 560 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை தாங்கும் என்று. எங்கள் நாட்டில் ஊர்மனைக்கு வெளியே 70, அதிவேகப் பாதையில் 100தான் எல்லை. வேக எழுத்து ஒட்டுச்சீட்டில் உள்ளதற்குக் குறையாமல் இருந்தால் போதும், அதற்கு மேல் காசு கொடுக்கத் தேவையில்லை.

கடையில் அந்த அளவு இல்லாவிட்டால் '65 போடலாம், ஒன்றும் செய்யாது' என்பார்கள். கணக்குப் பாருங்கள். 185/70ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 615 மில்லிமீற்றர். 185/65ஆர்14 என்றால் 596. கார் 9 மில்லிமீற்றர் தாழும், ஸ்பீடோமீற்றர் மூன்று வீதம் கூட்டிக் காட்டும். சுமைக் குறியும் 86க்கு, அதாவது 530 கிலோவுக்கு, இறங்கிவிடலாம். கொழும்பில் இது பெரிய விடயம் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்த பழைய காரில் ஐந்து பேரும் பின்னால் இரண்டு மூட்டை அரிசியுமாகக் கிறவல் ஒழுங்கைக்குள் இறங்குபவருக்கு அந்த 9 மில்லிமீற்றரும் 30 கிலோவும் தேவை. அழகுக்காக 15 அங்குல அலோய் போட விரும்பும் மருமகன்மாருக்கும் இதே கதைதான். 195/60ஆர்15 போட்டால் மொத்த விட்டம் 615தான் வரும், ஸ்பீடோமீற்றர் குழம்பாது. ஆனால் பக்கச் சுவர் 130 மில்லிமீற்றரில் இருந்து 117க்குக் குறையும். குழியில் விழும்போது அடியைத் தாங்கும் ரப்பர் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. வன்னியில் உயரமான பக்கச் சுவர்தான் காருக்கும் முதுகுக்கும் நல்லது.

சுமைக் குறி சரியாக இருந்தும் டயர் வெடிப்பதற்கு முதல் காரணம் காற்று. 560 கிலோ தாங்கும் என்பது போதிய காற்று இருக்கும்போது மட்டும். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடக்கம் வெப்பமாகும், வெப்பம் உள்ளே உள்ள இழைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான ஒட்டை இளக்கும். பங்குனி, சித்திரையில், குடும்பம் முழுக்க ஏறிய காரில், மதிய வெயிலில், நீண்ட நேர் வீதியில் டயர் பிய்ந்து போவதைக் கேள்விப்படுகிறோமே, அதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மழையிலும் காற்று முக்கியம். வேகமாகப் போகும் டயர் தேங்கிய தண்ணீரை விலக்க முடியாமல் அதன் மேலேறி மிதக்கும் வேகத்தை, 1960களில் நாசா விமானச் சில்லுகளை வைத்து ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியில் கிடைத்த சூத்திரப்படி, பூத் தேய்ந்த டயர் 32 பி.எஸ்.ஐ. காற்றில் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் மிதக்கும். காற்று 20க்கு இறங்கினால் 75இலேயே மிதந்துவிடும். ஏ9இல் மழைக்குள்ளும் 75இல் போகாதவர் எத்தனை பேர்? கதவுத் தூணில் 220 கேபிஏ என்று இருந்தால் அது ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. காலையில், டயர் சூடாக முன்னர் பார்க்க வேண்டும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும்போது நாலு சில்லையும் ஒரு தரம் சுற்றிப் பார்க்கும் பழைய சாரதிமார் இன்னும் இருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் ரேடியல் டயரில் காற்றுக் குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான்கையும் ஒன்றாக மாற்ற எல்லோரிடமும் காசு இருக்காது. இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதியதைப் பின்னுக்குப் போடுங்கள், முன்சில்லு இழுக்கும் காராக இருந்தாலும். கடையில் இதற்கு எதிராகத்தான் சொல்வார்கள்: இழுப்பதும் திருப்புவதும் முன்சில்லு, பிறேக்கின் பெரும் பங்கும் அதிலேதான், பிறகு ஏன் பின்னுக்கு? மழையில் முன்சில்லு வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிமானம் திரும்பி வரும். பின்சில்லு வழுக்கினால் வால் பக்கம் முன்னுக்கு வந்து கார் சுழன்றுவிடும். அதைப் பிடித்து நிமிர்த்தச் சாதாரண சாரதியால் முடியாது. டயர் நிறுவனங்களும் இதையேதான் சொல்கின்றன.

டாக் அடித்த, அதாவது மேற்பூவை மாற்றிய டயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் அது நல்ல தொழில். குடும்பக் காருக்கு வேண்டாம்.

புது டயர் வாங்க முன்னர் பழைய டயரை ஒரு தரம் தடவிப் பாருங்கள், காரின் நோயை அது காட்டும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பிழை. இடைக்கிடை பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷொக் அப்சோபர் போய்விட்டது. இவற்றைத் திருத்தாமல் புது டயர் போட்டால் ஒரே வருடத்தில் அதுவும் அப்படித்தான் போகும். பழைய இரும்பு றிம்மின் விளிம்பில் துரு இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மெல்ல மெல்லக் காற்றுப் போகும். வால்வையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஆணி ஏறினால், பூப் பகுதியில் 6 மில்லிமீற்றர் வரையான ஓட்டையை உள்ளிருந்து ஒட்டலாம். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்டு ஓடக் கூடாது. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் இரவில் திறந்திருக்கும் ஒட்டுக்கடையைத் தேடி அலைவதைவிட, பழையவற்றில் நல்லதாக ஒன்றை ஸ்பெயாருக்கு வைத்து அதற்கும் காற்றுப் பார்ப்பது லேசு.

கழற்றிய மற்றவற்றை 'பிறகு தேவைப்படும்' என்று கொல்லைப்புறத்தில் போட்டுவைக்க வேண்டாம். மாரியில் அதற்குள் தண்ணீர் தேங்கும், எப்படிப் புரட்டினாலும் முழுதாக வடியாது, டெங்கு நுளம்பு அதற்குள்தான் பெருகும். கடையிலேயே விட்டுவிடுங்கள். பூச்செடி வைக்கத்தான் வேண்டும் என்றால் அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டு, மண்ணை முட்ட நிரப்பிவிடுங்கள்.